வெயில் ஏறும் முன் பறித்துவிடுங்கள்

வைகாசி முடியப்போகிறது, தோட்டத்தில் பறிப்பு ஓயவில்லை. மல்லிகையை விடியலிலேயே பறியுங்கள். வெள்ளையாகத் திரண்டு, இன்னும் விரியாத மொட்டுதான் கணக்கு. பச்சை தட்டினால் நாளைக்கு ஆகும். மடியில் அமுக்காமல், ஈரத்துணி விரித்த கூடையில் தளர்வாகப் போடுங்கள். குவித்தால் சூடேறி நிறம் மங்கும்.

வெண்டைக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறிப்பு. பூத்து 5 முதல் 7 நாளில் காய் பதமாகிவிடும். நுனி ‘டக்’கென்று ஒடிய வேண்டும். (சந்தையில் ஒடித்தால் திட்டு விழும், சொந்தச் செடியில் யார் கேட்பது?) வளைந்தால் முற்றல். அதையும் பறித்துவிடுங்கள், செடியிலேயே விட்டால் காய்ப்பு குறையும். சுணை அரிக்கும், முழங்கை வரை பழைய காலுறையை மாட்டிக்கொள்வது என் வழக்கம்.

கத்தரியைத் திருகி இழுக்காமல் காம்போடு வெட்டுங்கள். பழுத்த தக்காளிக்குப் பக்கத்தில் வெள்ளரியை வைக்காதீர்கள், சீக்கிரம் மஞ்சளாகிவிடும்.