தகட்டிற் கண்ட சுருள்

மேனாட்டுத் தொலைக்காட்சிகளில் வானிலை கூறுவோர், நேயர் அனுப்பிய மின்னற் படங்களோடு ஆண்ட்ரொமீடாவின் படத்தையும் சில வேளை காட்டுவர். வெறுங்கண்ணுக்கு மங்கிய வெண்புகையாய்த் தோன்றுவது ஆண்டுச் சுருளாய் விளங்கக் கண்டு, இது புனைவோ என நாம் ஐயுற வேண்டுவதில்லை. நமது கண் ஒளியைச் சேமித்து வைப்பதில்லை; புகைப்படத் தகடோ மணிக்கணக்காய்ச் சேர்த்து வைக்கும். 1888-ஆம் ஆண்டில், கட்டடத் தொழிலாற் பொருளீட்டிய ஐசக் ராபர்ட்ஸ் என்பார், லிவர்ப்பூலுக்கு அருகே, 20 அங்குல ஆடித் தொலைநோக்கி கொண்டு எடுத்த படத்திலேயே அச்சுருள் முதன்முதல் தெளிவாயிற்று. உருவாகிவரும் ஒரு சூரிய குடும்பமென அதனை அவர் கருதினார். படத்திற் பிழையில்லை, பொருள் கொண்டவிடத்தே பிழை நேர்ந்தது. அஃது ஏறக்குறைய 25 லட்சம் ஒளியாண்டுக்கு அப்பாலுள்ள விண்மீன்களின் பெருந்திரள். இக்காலத்தார் குறுகிய பல படங்களைக் கணிப்பொறியால் ஒன்றாக அடுக்குகின்றனர். எனினும் முகிலற்ற இரவு அவர்க்கும் வேண்டுதலின், அவர் முதலிற் பார்ப்பது வானிலை அறிக்கையையே.