வளர்ப்போருக்கும் பாடம் வேண்டும்

பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பாரான்; முகத்தோடு முகம் நோக்கான்; புளியங்கொட்டைகளை வரிசையாக அடுக்குவான்; வரிசை கலைந்தால் அலறுவான். இத்தகைய சிறுவன் ஒருவன் முன்னொரு காலத்தில் எமது வகுப்பில் இருந்தான். "செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டீர்கள்" என்று அவன் தாயைக் கடிந்துரைத்தோம். அடுத்த வாரம் முதல் அவன் பள்ளிக்கு வரவில்லை. ஆசிரியப் பயிற்சி பெற்றிருந்தும் அறியாமையால் யாம் இழைத்த பிழை அது. அப்பிழையை வேறெவரும் செய்யாதிருத்தல் வேண்டும் என்றே இப்பாடத்தை எழுதுகின்றோம்.

ஆட்டிசம் என்பது யாது?

மூளையின் வளர்ச்சி மாறுபட்டு அமைவதால் தோன்றும் நிலை இது. 1943ஆம் ஆண்டில் லியோ கானர் என்னும் மருத்துவர் இதனை விரித்துரைத்தார். தாயின் பாசக் குறைவே காரணம் என்று பின்னர்ச் சிலகாலம் பேசப்பட்டது. அது தவறென்பதை ஆராய்ச்சிகள் காட்டிவிட்டன. ஆகவே முதற்பாடம் இதுவே: தாய் குற்றவாளி அல்லள்.

வல்லுநர் இல்லாத ஊரில்

சிறப்பு மருத்துவரும் பேச்சுப் பயிற்சியாளரும் பெரும்பாலும் நகரங்களிலேயே உள்ளனர். கூலி வேலையை விட்டு வாரந்தோறும் பேருந்தேற எத்தனை தாய்மாரால் இயலும்? அங்ஙனமாயின் வழி யாது?

கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 பிள்ளைகளைக் கொண்டு நடைபெற்ற ஆய்வொன்று 2016இல் வெளியிடப்பட்டது. வல்லுநர் அல்லாத சுகாதாரப் பணியாளர்கள் பயிற்சி பெற்று, ஒரு பகுதிப் பெற்றோருக்கு 6 மாதங்களில் 12 அமர்வுகள் நடத்தினர். தாயும் பிள்ளையும் விளையாடுவதை வீடியோவில் பதிவு செய்து, அதனைத் தாயுடன் அமர்ந்து பார்த்தனர். பிள்ளையின் குறிப்பைத் தாய் சரியாகப் புரிந்துகொண்ட இடங்களைச் சுட்டிக்காட்டினர். பிழையைச் சுட்டாது நிறைவைச் சுட்டும் இம்முறை ஆசிரியர் அனைவரும் கற்கத்தக்கது. பயனாகப் பெற்றோர் பிள்ளையின் போக்கிற்கு இசைந்து நடந்தனர். பிள்ளைகளும் தாமாகவே பெற்றோரை நாடித் தொடர்பு கொள்வது மிகுந்தது. ஆட்டிசம் அகன்றுவிட்டது என்று கொள்ளலாகாது, உறவு வளர்ந்தது.

உலக சுகாதார நிறுவனமும் 2 முதல் 9 வயதுப் பிள்ளைகளின் குடும்பங்களுக்கென 9 குழு வகுப்புகளும் 3 வீட்டு வருகைகளும் கொண்ட பயிற்சியை வகுத்துள்ளது. வளர்ப்போரின் மனநலமும் அதில் ஒரு பாடம்.

வீட்டில் செய்யத்தக்கவை

1. பிள்ளையின் முகத்திற்கு நேராகத் தரையில் அமர்க.
2. அவன் கொட்டை அடுக்கினால் அதனைப் பறிக்காது, நீங்களும் ஒன்றை வைக்க.
3. "இது என்ன? எத்தனை?" என்று வினவாது, "கொட்டை", "இன்னொன்று" எனச் சிறுசொல் கூறுக.
4. பின் வாய்மூடிக் காத்திருக்க. ஒரு பார்வையும் ஒரு கைநீட்டலும் விடையே. உடனே ஏற்று மகிழ்க.

தாங்குவோரைத் தாங்குதல்

இரவெல்லாம் விழித்த தாய் பகலில் எங்ஙனம் பொறுமை காப்பாள்? பாட்டியோ அத்தையோ ஒரு மணிநேரம் பிள்ளையைப் பார்த்துக்கொண்டால் அவள் உறங்குவாள். திருமண வீட்டில் பிள்ளை அலறினால் உற்று நோக்காது, அமைதியான இடம் காட்டுவோம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் இடம்பெற்றுள்ளது. சான்றிதழ் பெற அரசு மருத்துவமனைக்கு உடன் செல்வோம்.

சிந்தனைக்கு

1. நம் தெருவில் இத்தகைய பிள்ளையை வளர்ப்பவர் யார்?
2. அவரிடம் நாம் இறுதியாகக் கூறியது அறிவுரையா, ஆறுதலா?