கண்டதைக் காட்டும் படிவம்

மழை பெய்த மறுநாள், பள்ளிக் கட்டடத்தைச் சுற்றிப் பார்த்த மாணவர் குழு ஒன்று, விரிதாளில் இப்படிப் பதிவு செய்கிறது என்று வைத்துக்கொள்வோம்: "படிக்கட்டு அருகே விரிசல். தரை ஈரம்." இதைப் படிக்கும் பராமரிப்பு ஊழியர் என்ன செய்வார்? எந்தப் படிக்கட்டு? விரிசல் சுவரிலா, கூரையிலா? மயிரிழை அளவா, விரல் நுழையும் அளவா? விடை தெரியாமல் அவர் ஒவ்வொரு மாடியாக ஏறி இறங்க வேண்டியதுதான். அதற்குள் யாரேனும் வழுக்கி விழவும் கூடும்.

இதற்காக விரிதாளைக் குறை சொல்ல முடியாது. அது எண்களுக்காக உருவானது. டான் பிரிக்லின், பாப் பிராங்ஸ்டன் என்னும் இரு அமெரிக்கர்கள் உருவாக்கிய 'விசிகால்க்' என்ற விரிதாள் மென்பொருள் 1979ஆம் ஆண்டில் வெளியானது. அதில் ஓர் எண்ணை மாற்றினால், அதைச் சார்ந்த கணக்குகள் அனைத்தும் உடனே மாறின. நாளடைவில், எண்கள் அல்லாத தகவல்களையும் மக்கள் விரிதாளின் கட்டங்களுக்குள் அடைக்கத் தொடங்கினர்.

அதன் விளைவு சில வேளைகளில் கடுமையாக இருந்தது. 2020ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் சுகாதாரத் துறை கொவிட்-19 பரிசோதனை முடிவுகளைப் பழைய வகை விரிதாள் கோப்பில் சேர்த்தது. அக்கோப்பில் 65,536 வரிகளுக்கு மேல் இடமில்லை. எஞ்சிய வரிகள் யாருக்கும் தெரியாமல் விடுபட்டன. தொற்று கண்ட 15,841 பேரின் விவரங்கள் உரிய நேரத்தில் கணக்கில் சேரவில்லை. அவர்களுடன் பழகியவர்களைத் தேடும் பணியும் தாமதமானது.

இத்தகைய குறைகளைக் களைய மின்படிவங்கள் உதவுகின்றன. மின்படிவம் கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்கிறது. கட்டாயக் கேள்விக்கு விடை தராவிட்டால் அடுத்த பகுதிக்குச் செல்ல விடாது. ஒவ்வொருவரின் பதிவும் தரவுத்தளத்தில் தனித்தனியே சேமிக்கப்படும். எல்லாவற்றுக்கும் மேலாக, அதில் படத்திற்கும் இடமுண்டு. கட்டடத்தின் வரைபடத்தில் விரலால் தொட்டு இடத்தைக் குறிக்கலாம். விரிசலைப் படமெடுத்து இணைக்கலாம். நோயாளி தமக்கு வலிக்கும் இடத்தை மனித உடலின் கோட்டோவியத்தில் குறித்துக் காட்டலாம்.

சிங்கப்பூரில் 2015ஆம் ஆண்டில் அறிமுகமான 'ஒன்சர்வீஸ்' செயலி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. நடைபாதை உடைந்திருந்தால், குடியிருப்பாளர் அதைப் படமெடுத்து, இடத்தைக் குறிப்பிட்டு அனுப்பலாம். எந்த அமைப்பு அதைக் கவனிக்க வேண்டும் என்று அவர் தேடி அலைய வேண்டியதில்லை.

எனினும், படம் மட்டுமே போதாது. 'இம்மாதம் எத்தனை விரிசல்கள்?' என்ற கேள்விக்குப் படத்தொகுப்பு விடை தராது. அதற்குக் கணக்கும் அட்டவணையும் தேவை. மேலும், படமெடுக்கும்போது பிறருடைய முகமோ வீட்டின் உட்புறமோ பதிவாகாமல் பார்த்துக்கொள்வது நம் கடமை.

நாளை உங்கள் பள்ளியில் ஒரு படிவத்தை உருவாக்கும் வாய்ப்பு உங்களுக்குக் கிடைக்கலாம். அப்போது, 'நான் கண்டதை, அதைச் சரிசெய்யப் போகிறவரும் காண்பாரா?' என்று முதலில் கேட்டுப் பாருங்கள்.