எகிப்தில் கேபிள் அறுந்தால் சென்னையில் வேலை நிற்குமா?

உங்கள் கம்ப்யூட்டரில் ஒரு குறையும் இல்லை. மோடத்தில் எல்லா விளக்குகளும் எரிகின்றன. ஆனாலும் சில வெளிநாட்டுத் தளங்கள் மட்டும் திறக்கவில்லை. விண்டோஸை மறுபடியும் நிறுவ வேண்டுமா? அவசரப்படாதீர்கள். முதலில் உங்கள் இன்டர்நெட் நிறுவனத்தின் தளத்தைத் திறந்து பாருங்கள். அது உடனே திறந்தால், குறை உங்கள் வீட்டில் இல்லை. பல ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், கடலுக்கு அடியில்கூட இருக்கலாம்.

நாடுகளுக்கு இடையே செல்லும் இன்டர்நெட் தகவல்களில் பெரும்பகுதி சேட்டிலைட் வழியாகச் செல்வதில்லை. கடலடியில் கிடக்கும் பைபர் ஆப்டிக் கேபிள்கள் வழியாகவே செல்கிறது.

2008 ஜனவரி 30 அன்று எகிப்தின் அலெக்சாண்ட்ரியா நகருக்கு அருகே, மத்தியதரைக் கடலில் இரண்டு கேபிள்கள் அறுந்தன. ஒன்று சீ-மீ-வீ 4. இது சென்னையிலும் மும்பையிலும் கரையேறுகிறது. மற்றொன்று மும்பைக்கு வந்த பிளாக் கேபிள். இந்தியாவின் வெளிநாட்டு இன்டர்நெட் திறனில் ஏறக்குறைய பாதி போய்விட்டது.

ஒரு வழி அடைபட்டால் ரவுட்டர்கள் வேறு வழியைத் தேடிக்கொள்ளும். மேற்கே போக வேண்டிய தகவல்கள் கிழக்கே சிங்கப்பூர், பசிபிக் கடல் என்று சுற்றிப் போயின. தூரமும் கூடியது, நெரிசலும் கூடியது. இ-மெயில் சில விநாடிகள் தாமதமாக வந்தால் பரவாயில்லை. ஆனால் கால் சென்டரில், இன்டர்நெட் வழியே போகும் பேச்சு அரை விநாடி தாமதமானாலே இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கிவிடுவார்கள். வெளிநாட்டு சர்வரில் வேலை செய்பவர் ஒவ்வொரு கிளிக்குக்கும் காத்திருக்க வேண்டும்.

எல்லா நிறுவனங்களும் ஒரே மாதிரி பாதிக்கப்படவில்லை. மேற்கு, கிழக்கு என இரு திசைகளிலும் பாதை வைத்திருந்தவை சமாளித்தன. மேற்குப் பாதையை மட்டும் நம்பியவை திணறின. கேபிள்கள் இரண்டு இருந்தும், இரண்டும் ஒரே கடற்பகுதி வழியே சென்றதால் ஒன்றுக்கு ஒன்று துணையாகவில்லை. பழுது நீங்கச் சுமார் 10 நாட்கள் ஆயின. அதே ஆண்டு டிசம்பர் 19 அன்று மத்தியதரைக் கடலில் மறுபடியும் கேபிள்கள் அறுந்தன.

வீட்டிலிருந்து தொழில் செய்பவர்களுக்கும் இதில் பாடம் உண்டு. பிராட்பேண்டும் மொபைல் இணைப்பும் ஒரே நிறுவனத்துடையது என்றால் இரண்டும் ஒன்றாகவே நின்றுவிடலாம். மொபைலுக்கு வேறு நிறுவனத்தைத் தேர்ந்தெடுங்கள். அன்றாடம் தேவைப்படும் பைல்களின் ஒரு நகலை உங்கள் ஹார்டு டிஸ்க்கிலும் வைத்திருங்கள். இணைப்பு நின்றாலும் அன்றைய வேலை நிற்காது.