ஒட்டகம் சுமந்த முசிறிச் சரக்கு

கேள்வி: எங்கள் ஊர் வழியாக இரவு பகலாகக் கன்டெய்னர் லாரிகள் போகின்றன. கண்டம் விட்டுக் கண்டம் தரைவழியே சரக்கு அனுப்புவது புதுப் பழக்கமா? அதில் தமிழ்நாட்டுக்குப் பங்கு உண்டா?
- ஒரு வாசகர், சின்னசேலம்

பதில்: பங்கு உண்டு. எழுத்துச் சான்றே இருக்கிறது.

வியன்னாவில் ஆஸ்திரிய தேசிய நூலகத்தில் உள்ள ஒரு பாப்பிரஸ் ஏடு 1985-இல் பதிப்பிக்கப்பட்டது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட, பழந்தமிழகத்துச் சேரரின் முசிறித் துறை (இன்றைய கேரளக் கரை) வணிகத்துக்கான கடன் ஒப்பந்தம் அது. எகிப்தின் செங்கடல் கரையில் இறங்கும் சரக்கை நம்பகமான ஒட்டகக்காரரிடம் ஒப்படைக்க வேண்டும். காவலோடு பாலைவனம் கடந்து கொப்டோஸ் நகர அரசுக் கிடங்கில் சேர்க்க வேண்டும். அங்கிருந்து நைல் நதியில் அலெக்சாந்திரியா. சரக்குக்கு வரி நாலில் ஒரு பங்கு. இன்றைக்கு டிரான்ஸ்போர்ட் ஆபீஸில் கேட்கிற விவரமெல்லாம் அதில் இருக்கிறது: யார் கையில் கொடுப்பது, எந்தக் குடோனில் இறக்குவது, வரி எவ்வளவு. ஏட்டின் மறுபக்கத்தில் 'ஹெர்மபொல்லோன்' என்ற கப்பலில் வந்த யானைத் தந்தமும் சடாமாஞ்சிலும் எடையோடு விலையோடு பதிவாகியிருக்கின்றன.

கப்பலிலேயே போயிருக்கலாமே? செங்கடலின் வடபாதியில் பெரும்பாலும் வடக்கிலிருந்தே காற்று வீசும். பாய்க்கப்பல் அதை எதிர்த்து ஏறுவது பெரும்பாடு. அதனால் தெற்கே பெரெனிகே துறைமுகத்திலேயே இறக்கி, ஒட்டகத்தில் ஏற்றினார்கள். கொப்டோஸுக்கு 12 நாள். வெயிலுக்கு அஞ்சிப் பெரும்பாலும் இரவு நடை என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி குறித்திருக்கிறார். அந்தப் பெரெனிகேயில் 1999-இல் ஓர் இந்தியச் சாடி நிறைய ஏழரைக் கிலோ மிளகு கிடைத்தது. இன்னும் வடக்கே, குசேர் அல்-கதீமில் கிடைத்த பானை ஓட்டில் தமிழ்ப் பிராமி எழுத்து. கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் அதைப் 'பானை ஒறி' என்று படித்தார். நம் வீட்டு உறிதான்!

1869-இல் சூயஸ் கால்வாய் திறந்த பிறகு இந்த ஏற்றி இறக்கும் வேலை குறைந்தது. ஆனால் எண்ணம் மறையவில்லை. 2023 செப்டம்பரில் டெல்லி ஜி-20 மாநாட்டில் அறிவித்த இந்தியா–மத்தியக் கிழக்கு–ஐரோப்பா பாதையும் அதே முறைதான்: வளைகுடா வரை கப்பல், அரபுப் பாலையில் ரயில், பிறகு மறுபடி கப்பல்.

உங்கள் ஊர்ச் சாலையும் அப்படியொரு நெடுவழியோடு இணைகிறது. கல்வராயன் மலையடிவாரத்தில் ஓடும் அந்தச் சேலம்–உளுந்தூர்பேட்டைச் சாலைக்கு நீளம் சுமார் 136 கிலோமீட்டர். சேலத்தில் அது சேரும் பெருவழி, ஆக்ராவில் தொடங்கி, கடல் தாண்டி இலங்கையின் மாத்தறை வரை குறிக்கப்பட்டிருக்கும் ஆசிய நெடுஞ்சாலை 43.

எகிப்தில் கிடைத்த அந்த எழுத்தைப் பார்க்கச் சின்னசேலத்துக்காரர் கடல் தாண்ட வேண்டாம். கள்ளக்குறிச்சி மாவட்டத்திலேயே, திருக்கோவிலூர் பக்கம் ஜம்பைக் குன்றில், அதியமான் நெடுமான் அஞ்சியின் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு இருக்கிறது. 1981-இல் கண்டுபிடித்தது. ஒருமுறை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள்.