மலை ஜீப்புக்குப் பட்டை கட்டும் முன்

மஞ்சக்குட்டைப் பக்கம் காபிப் பழம் பறிப்பு தொடங்கிவிட்டால் ஜீப்புக்கும் கேம்பர் பிக்கப்புக்கும் ஓய்வு கிடையாது. தோட்டத்துக் கல் பாதையில் மூட்டை ஏற்றி, ஏற்காடு வந்து, 20 கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கி அடிவாரம் சேர வேண்டும். குப்பனூர் வழியாகப் போனாலும் இறக்கம் இறக்கம்தான். வண்டியின் பின்பக்கம் தொய்ந்ததும் "இன்னும் ரெண்டு பட்டை (லீஃப் ஸ்பிரிங்) சேர்த்துக் கட்டு" என்று பட்டறையில் சொல்லிவிடுகிறோம். அவசரப்பட வேண்டாம்.

செய்ய வேண்டியவை

• முதலில் எடை போடுங்கள். காலி வண்டியை ஒருமுறை, வழக்கமான சுமையோடு ஒருமுறை எடைமேடையில் ஏற்றி, முன் அச்சு, பின் அச்சு எடையைத் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். 50 கிலோ மூட்டை பத்து சேர்ந்தால் அரை டன். அதைப் பின் அச்சுக்கும் பின்னால் அடுக்கினால் முன் சக்கரம் லேசாகி, ஏற்றத்தில் ஸ்டியரிங் பிடிப்பு போய்விடும். இதற்குப் பட்டை மாற்றிப் பயனில்லை, மூட்டையை முன்னால் தள்ளி அடுக்க வேண்டும்.

• சமதரையில் நிறுத்தி, சக்கர நடுவிலிருந்து மட்கார்டு விளிம்புவரை நான்கு பக்கமும் அளந்து பாருங்கள். காலியாக இருக்கும்போதே தாழ்ந்திருந்தால் பழைய பட்டை வளைவு இழந்துவிட்டது என்று அர்த்தம். கம்பெனி அளவிலேயே புதுசு போட்டால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

• ஒரு நடை சுமை, மறு நடை காலி என்றால் ஹெல்பர் பட்டைதான் என் தேர்வு. சுமை ஏறி மற்றப் பட்டைகள் தாழ்ந்த பிறகே அது தாங்கத் தொடங்கும். காலியாகத் திரும்பும்போது குறுக்கிடாது.

• ஷாக் அப்சர்பரையும் சேர்த்தே மாற்றுங்கள். யூ போல்ட் புதிதாக இருக்கட்டும். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி முடுக்குங்கள்.

செய்யக்கூடாதவை

• தடிமனான பட்டையைக் கண்ணை மூடிக்கொண்டு சேர்க்காதீர்கள். தடிமன் சிறிது கூடினாலும் விறைப்பு பல மடங்கு வேகத்தில் ஏறும். 7 மி.மீ. பட்டை இருந்த இடத்தில் அதே நீள அகலத்தில் 8 மி.மீ. வைத்தால் அதன் விறைப்பு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. காலி வண்டி கல்லில் துள்ளும். துள்ளிய சக்கரம் தரையை விட்டு அந்தரத்தில் சுற்றும். ஃபோர் வீல் போட்டும் வண்டி நகராமல் போகலாம்.

• ஒரு பக்கம் மட்டும் மாற்றாதீர்கள். உடைந்த பட்டைக்கு வெல்டிங் வைக்கவே வைக்காதீர்கள். சூட்டில் எஃகின் பதம் கெட்டு, பக்கத்திலேயே மறுபடி உடையும்.

• 2020-க்குப் பின் வந்த தார் ஜீப்புக்கு நான்கு பக்கமும் சுருள் ஸ்பிரிங். பழைய ஜீப்பின் கணக்கை அதற்குப் போடாதீர்கள்.

• பின் பிரேக் வால்வை மறக்காதீர்கள். சுமை வண்டிகள் பலவற்றில் சேஸிஸில் ஒரு வால்வும், அதிலிருந்து பின் அச்சுக்கு ஒரு கம்பியும் இருக்கும். குனிந்து பார்த்தால் தெரியும். பின்பக்கம் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பதை வைத்தே அது சுமையை அறிந்து பின் பிரேக்குக்கு அழுத்தம் கொடுக்கிறது. விறைப்பான பட்டை போட்டால் முழுச் சுமையிலும் பாடி தாழாது. காலி வண்டி என்று எடுத்துக்கொண்டு வால்வு அழுத்தத்தைக் குறைத்துவிடும். பிரேக் பாரத்தில் பெரும்பகுதி முன் சக்கரங்கள் மேல் விழும். வளைவுக்கு வளைவு மிதித்து இறங்கும் நம் ரோட்டில் இது உயிர் விஷயம். வால்வைச் சரிசெய்யாமல் ஒரு மூட்டைகூட ஏற்றாதீர்கள்.

• பட்டை பலமாகிவிட்டது என்று ஆர்.சி.யில் உள்ள மொத்த எடையைத் தாண்டாதீர்கள். அச்சும் பேரிங்கும் பிரேக்கும் பழையவைதான். பறிப்பு ஆட்களை மூட்டை மேல் உட்காரவைத்து இறக்காதீர்கள். எடை உயரத்துக்குப் போன வண்டி வளைவில் சாய்ந்தால் முதலில் விழுபவர்கள் அவர்கள்.