இரண்டு ஒப்பந்தம், ஒரே ஊர்: ஓமானுக்கு ஆங்கிலம் கற்பிக்கப் போகும் தம்பதியருக்கு

கணவன், மனைவி இருவரும் எம்.ஏ. ஆங்கிலம். இருவருக்கும் சுயநிதிக் கல்லூரியில் வேலை. இரண்டு சம்பளத்தையும் சேர்த்து வைத்தாலும் வீட்டுக்கடன் தவணையும் பிள்ளையின் பள்ளிக் கட்டணமும் போக மிச்சம் ஒன்றும் நிற்பதில்லை. தமிழ்நாட்டில் இப்படி இருக்கிற ஆசிரியத் தம்பதியர் பலருடைய கண் ஓமான் பக்கம் போவதில் வியப்பில்லை. மஸ்கட், நிஸ்வா, சோஹார், சலாலா என்று அந்நாட்டுக் கல்லூரிகளின் ஆங்கிலத் துறைகளில் இந்தியர்கள் நெடுங்காலமாகப் பணியாற்றி வருகிறார்கள். மரியாதையான வேலை, கையில் காசும் நிற்கும். தாராளமாகப் போகலாம். ஆனால் தனியாளாகப் போகிறவர் யோசிக்காமல் விடக்கூடிய பல விஷயங்களைத் தம்பதியாகப் போகிறவர்கள் முன்கூட்டியே யோசித்தாக வேண்டும்.

முதலில், அங்கே என்ன வேலை என்று தெரிந்துகொள்ளுங்கள். ஓமானில் அரசுப் பள்ளிப் படிப்பு அரபு மொழியில். பல்கலைக்கழகத்துக்கு வந்தால் பொறியியல், மருத்துவம், அறிவியல் எல்லாம் ஆங்கிலத்தில். 1986இல் திறக்கப்பட்ட சுல்தான் காபூஸ் பல்கலைக்கழகம் தொடங்கி இன்றுவரை இதுதான் ஏற்பாடு. இந்த இடைவெளியை நிரப்பத்தான் ஃபவுண்டேஷன் வகுப்பு இருக்கிறது. மாணவர் சேர்ந்தவுடன் ஒரு தேர்வு வைத்து நிலை பிரிப்பார்கள். ஆங்கிலம், கணக்கு, கணினி, கற்றல் திறன் நான்கையும் முடித்தால்தான் பட்டப்படிப்புக்குள் நுழைய முடியும். இதற்கான தேசியத் தரவரையறை 2008இல் வந்தது. இந்தியர்களுக்குக் கிடைக்கிற ஆங்கில வேலைகளில் பெரும்பகுதி இந்த ஃபவுண்டேஷன் வகுப்பில்தான்.

ஆகவே ஷேக்ஸ்பியரையும் டி.எஸ்.எலியட்டையும் மனத்தில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். ஒரு பத்தி எழுத வைப்பது, கேட்டதைக் குறிப்பெடுக்க வைப்பது, ஒரு வரைபடத்தைப் பார்த்து நாலு வாக்கியம் சொல்ல வைப்பது: இதுதான் அன்றாடம். பத்து வருடம் இலக்கியம் நடத்தியவருக்கு இது இறக்கமாகத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பதினெட்டு வயதுப் பிள்ளை முதல்முறை பிழையில்லாமல் ஒரு பத்தி எழுதி நீட்டுவது எந்தக் கவிதை வகுப்புக்கும் குறைந்ததல்ல.

அந்த வகுப்பில் தமிழ் ஆசிரியருக்கு ஓர் அனுகூலமும் உண்டு. அரபு மாணவர் ஆங்கிலத்தில் எழுதும்போது 'இஸ்', 'ஆர்' போன்ற வினைகளை விட்டுவிடுவார். அரபு நிகழ்கால வாக்கியத்தில் அப்படி ஒன்று கிடையாது. தமிழிலும் கிடையாது. அந்தப் பிழை எங்கிருந்து வருகிறது என்று நமக்கு விளக்கத் தேவையில்லை. அரபு எழுத்தில் குறில்களை வழக்கமாக எழுதுவதில்லை என்பதால் ஆங்கில எழுத்துக்கூட்டலில் மெய்யெல்லாம் சரியாக இருக்கும், உயிர் மட்டும் இடம் மாறும். ஆங்கிலத்தின் 'p' ஒலி அரபில் இல்லாததால் அது 'b' ஆக விழும். போகும் முன்பே இவற்றைப் படித்து வைத்துக்கொண்டால் நேர்காணலிலும் கை கொடுக்கும். மாணவர் செய்யும் பிழைக்குக் காரணம் சொல்லத் தெரிந்தவரைத்தான் நேர்காணல் குழு தேடுகிறது.

காகிதம் சரியா?

விண்ணப்பம் போடுவதற்கு ஆறு மாதம் முன்பே இதைத் தொடங்குங்கள். நம் ஊர் ஆசிரியர்கள் பலர் எம்.ஏ.வை அஞ்சல் வழியில் முடித்திருப்பார்கள். வளைகுடாவின் பல நிறுவனங்கள் அதை ஏற்பதில்லை. கணவருக்கு நேரடிப் பட்டம், மனைவிக்கு அஞ்சல் வழிப் பட்டம் என்றால் ஒருவருக்கு மட்டும் வேலை கிடைத்து மற்றவர் மாட்டிக்கொள்வார். அப்படி இருந்தால், இடைப்பட்ட காலத்தில் மொழி கற்பித்தலில் ஒரு தகுதியைச் சேர்த்துக்கொண்டு, அஞ்சல் வழிப் பட்டத்தை ஏற்பார்களா என்று ஒவ்வொரு நிறுவனத்திடமும் எழுத்தில் கேட்டுவிட்டு விண்ணப்பியுங்கள். கேம்பிரிட்ஜ் வழங்கும் செல்டா சான்றிதழ் முழுநேரமாகப் படித்தால் நான்கு வாரத்தில் முடியும். அதில் ஆறு மணி நேரம் உண்மையான மாணவர்களுக்கு வகுப்பெடுத்துக் காட்ட வேண்டும். ஹைதராபாத்தில் உள்ள ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகத்தின் ஆங்கிலம் கற்பித்தல் படிப்புகளும் மதிப்புள்ளவை.

அடுத்தது பெயர். நம் சான்றிதழில் இனிஷியல் இருக்கும், பாஸ்போர்ட்டில் அது விரிந்து தந்தை பெயராக இருக்கும். பெண்களுக்கு இன்னும் சிக்கல்: பட்டத்தில் தந்தையின் இனிஷியல், பாஸ்போர்ட்டில் கணவர் பெயர். இரண்டும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்கப் பிரமாணப் பத்திரம், அலைச்சல், தாமதம். பட்டத்தில் உள்ள பெயரே பாஸ்போர்ட்டிலும் இருக்கட்டும். திருமணத்துக்காகப் பெயரை மாற்ற வேண்டிய சட்டக் கட்டாயம் எதுவும் இல்லை.

பட்டச் சான்றிதழ், திருமணப் பதிவுச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றை முதலில் மாநில அரசிடமும், பிறகு வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் முத்திரைக்கும் அனுப்புங்கள். ஓமான் 2012 முதல் அப்போஸ்டில் உடன்படிக்கையில் இருக்கிறது. அதற்கு மேலும் தூதரக முத்திரை வேண்டுமா என்பதை வேலை தரும் நிறுவனத்திடம் கேட்டுவிட்டுச் செலவு செய்யுங்கள். கோயிலில் நடந்த திருமணத்தைப் பதிவு செய்யாமல் விட்டிருந்தால் இன்றே பதிவு செய்யுங்கள். அது இல்லாமல் குடும்ப விசா நகராது.

ஏஜென்சி மூலம் போவதாக இருந்தால், இந்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் அது பதிவு பெற்றதா என்று பாருங்கள். பதிவு பெற்ற முகவர் ஒருவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், அதற்கான ஜிஎஸ்டி தனி. 'இரண்டு பேருக்கும் சேர்த்து இரண்டு லட்சம்' என்று பேசுகிறவரிடம் பேச்சை முடித்துக்கொண்டு எழுந்து வந்துவிடுங்கள்.

ஒப்பந்தத்தில் என்ன பார்க்க வேண்டும்?

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும்: ஒரு ஒப்பந்தமும் ஒரு வாய்மொழியும் வைத்துக்கொண்டு விமானம் ஏறாதீர்கள். 'முதலில் சார் வரட்டும், மேடத்துக்கு அடுத்த செமஸ்டரில் பார்த்துக்கொள்ளலாம்' என்பது அடிக்கடி சொல்லப்படுகிற வாக்குறுதி. சொன்னவர் நல்லவராகவே இருக்கலாம். அடுத்த செமஸ்டரில் அவர் அந்த நாற்காலியில் இல்லாமலும் போகலாம். குடும்ப விசாவில் வந்தவர் சம்பளத்துக்கு வேலை செய்ய முடியாது. தனக்கென வேலை விசா வேண்டும். வீட்டில் உட்கார்ந்துவிடுகிறவர் பெரும்பாலும் மனைவிதான். சில ஆண்டு கழித்து அவருடைய பணி அனுபவத்தில் ஒரு பெரிய ஓட்டை விழுந்திருக்கும். அதை எந்தச் சேமிப்பும் அடைக்காது.

சம்பளம் ரியாலில் வரும். ஒரு ரியால் சுமார் 2.6 அமெரிக்க டாலர் என்ற மதிப்பில் நிலையாக நிறுத்தப்பட்டிருக்கிறது. மொத்தத் தொகையைப் பார்த்து மயங்காமல் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, படிகள் எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். 2023இல் வந்த தொழிலாளர் சட்டப்படி தனியார் நிறுவன ஊழியருக்குப் பணி முடிவில் ஆண்டுக்கு ஒரு மாத அடிப்படைச் சம்பளம் பணிக்கொடையாக வர வேண்டும். அடிப்படையைக் குறைத்துப் படியை ஏற்றிக் காட்டினால் நட்டம் உங்களுக்குத்தான். அதே சட்டத்தில் பேறுகால விடுப்பு 98 நாள், தந்தைக்கு 7 நாள். குழந்தை பற்றி யோசிக்கிற இளம் தம்பதியர் இதையும் கணக்கில் எடுக்கலாம். அரசு நிறுவனங்களின் ஒப்பந்த விதி வேறாக இருக்கும். அரசுக் கல்லூரியில் வேலை, ஆனால் சம்பளம் தருவது இடையில் உள்ள ஏஜென்சி என்ற ஏற்பாடும் உண்டு. உங்கள் முதலாளி யார் என்பதைக் கையெழுத்துக்கு முன் ஒரு வரியில் எழுதி வாங்குங்கள்.

இருவருக்கும் ஒரே நிறுவனம் என்றால் வீட்டுப்படி ஒருவருக்குத்தான் என்று சொல்கிற இடங்கள் உண்டு. விமான டிக்கெட்டும் பிள்ளைகளின் கல்விப்படியும் அப்படியே. இருவருக்கும் முழுப் படியும் வரும் என்று எண்ணிப் போட்ட கணக்கு அங்கே சரிந்துவிடும்.

அதனால் என் ஆலோசனை: கல்லூரியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் ஊரைத் தேர்ந்தெடுங்கள். 2020இல் அரசின் தொழில்நுட்பக் கல்லூரிகளும் பயன்பாட்டு அறிவியல் கல்லூரிகளும் இணைந்து தொழில்நுட்பம் மற்றும் பயன்பாட்டு அறிவியல் பல்கலைக்கழகம் உருவானது. அதற்கு நாடு முழுக்கக் கிளைகள். சோஹாரில் அந்தக் கிளையோடு 2001இல் தொடங்கிய சோஹார் பல்கலைக்கழகமும் இருக்கிறது. நிஸ்வாவில் கிளையோடு நிஸ்வா பல்கலைக்கழகம். சலாலாவில் கிளையோடு தோஃபார் பல்கலைக்கழகம். மஸ்கட்டைச் சொல்லவே வேண்டாம். இப்படி இரண்டு நிறுவனங்கள் உள்ள ஊரில் ஆளுக்கொரு நிறுவனத்தில் இருந்தால், ஒரு இடத்தில் ஆட்குறைப்பு வந்தாலும் வீட்டில் இன்னொரு சம்பளம் வரும். வேலை போனவர் மற்றவரின் குடும்ப விசாவில் தங்கி அடுத்த வேலை தேடலாம். ஒரே கல்லூரி மட்டும் உள்ள சின்ன ஊரில் இருவரும் ஒரே துறையில் இருந்தால் ஒரே கடிதத்தில் இருவர் வேலையும் போகும். ஓமானியருக்கு முன்னுரிமை என்பது அந்நாட்டின் அறிவிக்கப்பட்ட கொள்கை. அது அவர்கள் உரிமை, நியாயமும்கூட. நாம்தான் அதற்கேற்பத் திட்டமிட வேண்டும். 2021 முதல், ஒப்பந்தக் காலம் முடிந்தவர் பழைய முதலாளியின் தடையில்லாச் சான்று இல்லாமலே வேறு இடம் மாறலாம். முன்பு இருந்த பெரிய தடை இப்போது இல்லை.

ஒரே துறையில்தான் இருவருக்கும் இடம் கிடைத்தது என்றால் அதிலும் நாகரிகமாக வாழ வழியுண்டு. ஒருவர் மற்றவருக்கு மேலதிகாரியாக வரும் பதவியை ஏற்காதீர்கள். கூட்டத்தில் ஒருவர் கருத்துக்கு மற்றவர் வக்காலத்து வாங்க வேண்டாம். அவரவர் கருத்தை அவரவர் சொல்லட்டும். ஒருவர் காதில் ரகசியமாகச் சொன்ன செய்தி மற்றவர் வாயிலிருந்து வந்துவிட்டால், அதன்பின் சக ஆசிரியர்கள் இருவரிடமும் மனம் திறக்க மாட்டார்கள். தேர்வுத்தாள் கட்டை வீட்டுச் சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுவருவதில்லை என்ற கட்டுப்பாடு இருந்தால் வீடு வீடாக இருக்கும்.

அன்றாட வாழ்க்கை பற்றிச் சுருக்கமாக. வார விடுமுறை வெள்ளி, சனி. ரமலானில் வேலை நேரம் குறையும். நோன்பு நேரத்தில் பொது இடத்தில் சாப்பிடவோ குடிக்கவோ கூடாது. மாணவர், மாணவியர் ஒரே வகுப்பில் தனித்தனிப் பக்கமாக உட்காருவார்கள். கலந்து உட்காருங்கள் என்று வற்புறுத்தாதீர்கள். புடவை, சுடிதார் தாராளமாக உடுத்தலாம். மஸ்கட்டுக்கு வெளியே கார் இல்லாமல் காலம் தள்ளுவது கடினம், ஓட்டுநர் தேர்வு எளிதல்ல. இருவருமே ஓட்டக் கற்றுக்கொள்ளுங்கள். பெரிய ஊர்களில் சிபிஎஸ்இ பாடத்திட்ட இந்தியப் பள்ளிகள் உண்டு. வயதான பெற்றோரை ஊரில் விட்டுப் போகிறவர்களுக்கு ஓர் ஆறுதல்: சென்னைக்கும் மஸ்கட்டுக்கும் நேரடி விமானத்தில் ஏறத்தாழ நான்கு மணி நேரப் பயணம்தான்.

பணத்தில் ஒரு விதி போதும். ஒருவர் சம்பளத்தில் குடும்பம் நடக்கட்டும், மற்றவர் சம்பளம் முழுதாக என்ஆர்இ கணக்குக்குப் போகட்டும். வெளிநாடுவாழ் இந்தியருக்கு அந்தக் கணக்கின் வட்டிக்கு இந்தியாவில் வருமான வரி இல்லை. ஆளுக்கொரு கணக்கு வையுங்கள், சொத்து வாங்கினால் இருவர் பெயரிலும் வாங்குங்கள். ஓமானில் தனிநபர் வருமான வரி 2028இல் தொடங்குகிறது. ஆண்டுக்கு 42,000 ரியாலுக்கு மேல் வருமானம் உள்ளவர்களுக்கு மட்டும்தான் என்பதால் ஆசிரியர்கள் அஞ்ச வேண்டியதில்லை. ஒப்பந்தம் ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுவது. அதை நம்பி ஊரில் இருபது ஆண்டு வீட்டுக்கடன் எடுக்காதீர்கள்.

கடைசியாக, திரும்பி வருவது. தமிழ்நாட்டில் உதவிப் பேராசிரியர் பணிக்கு நெட், செட் அல்லது பிஎச்.டி. வேண்டும், வெளிநாட்டில் எத்தனை வருடம் கற்பித்திருந்தாலும் அது இந்தத் தகுதிக்கு ஈடாகாது. இருவரில் யாருக்கு அது இல்லையோ அவர் முதலில் அதை முடிக்கட்டும், பிறகு விண்ணப்பம் போடுங்கள். இரண்டு ஒப்பந்தமும் கையில் வந்து, இரண்டிலும் ஊர் ஒன்றாக இருந்தால் தயங்காமல் கிளம்புங்கள்.